ஆடித் தள்ளுபடிக் கிண்ணம்

முதல் பாட்டில் நூற்றிருபது ரூபாய்.
எல்லாப் பிள்ளையும் இதுலதான் குடிக்குது என்றார்
மருந்துக்கடைக்காரர்.
ரப்பர் காம்பை நாக்கால் ஓரங்கட்டிவிட்டு
மின்விசிறியைப் பார்த்துக் கத்தினாள் பாப்பா.
இரண்டாவது, அகலக் காம்பு, முந்நூற்று நாற்பது.
மூன்றாவதின் விலையை
எழிலரசியிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றரை மாதம்.
திங்கட்கிழமை வந்துடு என்றார்
லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடை முதலாளி.
வராவிட்டால் என்ன என்று
அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

எனக்கு ராத்திரி வேலை.
முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி.
விடியும்வரை பாளம் பாளமாய் இறக்கி
விசைப்படகுகளுக்கு நொறுக்கி அனுப்புவேன்.
பகல் என்னுடையது.
அதாவது, பாப்பாவுடையது.

திங்கள் காலை ஃபிரிட்ஜில்
மூன்று எவர்சில்வர் டப்பா.
மூடிகளில் ஒட்டிய பிளாஸ்திரியில்
கறந்த நேரம், அவள் கையெழுத்தில்.
தெருமுனை திரும்பும்வரை
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால் ஷேர் ஆட்டோவை விட்டுவிடுவாள்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
தெர்மோகோல் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்த ஐஸ் இருந்தது.
ஊருக்கெல்லாம் வஞ்சிரமும் சங்கராவும் காத்த ஐஸ்
நூறு மில்லிப் பாலை
மடியில் வைத்துக்கொண்டது.

அவள் நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.
வாசனை பிடித்துச் சற்று அடங்கினாள்,
அப்புறம் வாயைத் திறந்து
என் பனியனில் தேட ஆரம்பித்தாள்.
இங்க இல்லடி, என்றேன்.
அங்கேயேதான் தேடினாள்.

பக்கத்து வீட்டுப் பாலாடையை வாங்கி
ஒரு வாய் ஊற்றினேன்.
புரையேறி முகம் சிவந்து
மூக்கு வழியாக வந்தது.
அந்த அரை நிமிடம்
ராத்திரி முழுக்க ஐஸ் பிடித்த கையைவிட
என் முதுகு சில்லிட்டிருந்தது.

அங்கன்வாடி ஜெசிந்தா டீச்சர் போனில் சிரித்தார்.
ஊத்தாதீங்க.
பசி முத்தறதுக்கு முன்னாடி,
நிமிர்த்தி உக்கார வெச்சு,
கீழ் உதட்டுல விளிம்பைத் தொடுற மாதிரி வைங்க.
அப்புறம் சும்மா இருங்க.

சும்மா இருப்பது
எனக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை.

கையை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கினேன்.
அம்மோனியா வாடை போகச் சோப்பு போட்டேன், இரண்டு தரம்.
சமையலறையில் சின்னதாக எது இருக்கிறது என்று தேடியதில்
கிடைத்தது ஒரு கிண்ணம்.
போன ஆடியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் துணி எடுத்தவர்களுக்கு
அவள் கடையில் இலவசமாகக் கொடுத்தது.
அடியில் கடை பெயர், போன் நம்பர்.

அதைத்தான்
உதட்டில் வைத்தேன்.
பால் விளிம்பு வரை வந்து நின்றது.
நானும் நின்றேன்.
பின்பக்கம் திருச்சி வண்டி போகிற சத்தம்.
பாப்பா நாக்கை நீட்டினாள்,
ஒரு தரம்,
யோசித்தாள்,
இன்னொரு தரம்.
நக்கி நக்கி,
பாதி என் லுங்கிக்கு, பாதி அவளுக்கு.

போன் செய்தேன்.
டிரையல் ரூமில் இருந்தாள்,
கதவு சாத்தி, மாராப்பில் கர்ச்சீஃப் வைத்து.
குடிச்சுட்டா, என்றேன்.
எவ்வளவு?
முப்பது மில்லி. லுங்கியையும் சேர்த்துச் சொன்னேன்.
அந்தப் பக்கம் யாரோ
மாம்பழக் கலரில் பார்டர் கேட்டார்கள்.
என்னைத் தேடலையா?

தேடினா, என்றேன்.
அது பொய் இல்லை.
தேடின இடத்தைத்தான் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு வந்தவள்
செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.
பாப்பா வாய் நிறையக் கவ்விக்கொண்டு
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்,
நமக்குள் ஏதோ இருக்கிற மாதிரி.

வேலைக்குக் கிளம்ப வேண்டும்.
லுங்கியில் பால் காய்ந்து
கஞ்சி போட்டதுபோல் விறைத்திருக்கிறது.
மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.
கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.
கடை பெயர் மேலே தெரிந்தது.
நிமிர்த்தி வைத்தேன்.